பாட்காஸ்டுக்கு லேட்டாகிவிட்டதா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை கோயம்புத்தூரில், தினமும் வேலந்தாவளம் வழியாகப் போய்வருகிறேன். போன வருஷத்திலிருந்து எங்கள் ஊர்க்காரர்களைப் பேச வைத்து, அதைப் பதிவு செய்து இணையத்தில் பாட்காஸ்டாகப் போடுகிறேன். கள் இறக்குகிறவர், தமிழ் மீடியம் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர், ஆழியாற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் விவசாயி என்று பலர் பேசியிருக்கிறார்கள். ஒரு பகுதியை ஐம்பது பேர் கேட்டாலே அதிகம்.

என் மச்சான், "2005லேயே ஆரம்பித்தவன் பிழைத்தான். இப்போது யார் உட்கார்ந்து காதால் கேட்கிறார்கள்? ஒரு நிமிஷ வீடியோவாக வெட்டிப் போடு" என்கிறான். சென்னையிலிருந்து ஒருவர், எங்கள் பேச்சில் மலையாளம் கலந்திருப்பதைக் குறிப்பிட்டு, "இது தமிழா?" என்று எழுதியிருந்தார். நான் லேட்டா? பேச்சைத் திருத்த வேண்டுமா? பேசாமல் யூடியூபுக்கே போய்விடலாமா?

ம., கொழிஞ்சாம்பாறை

*

அன்புள்ள தம்பி,

மச்சான் சொல்லும் 2005இலிருந்தே தொடங்குகிறேன். அந்த வருஷம் நடந்தது அவர் நினைப்பது போல இல்லை.

பாட்காஸ்ட் பிறந்ததே மெதுவான இணைப்பால்தான். அரை மணி நேரப் பேச்சைச் சுமாரான தரத்தில் பதிவு செய்தால் 14 எம்பி வரும். பழைய டயல்-அப் மோடத்தில், லைன் நன்றாக இருந்தாலே, அது இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். கேட்பதைவிடக் காத்திருப்பது அதிகம். எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கறி என்பவருக்கு இதில் ஒரு யோசனை தோன்றியது. ஆள் தூங்கும்போது கம்ப்யூட்டரே கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளட்டும், முழுதாக வந்த பிறகு சொன்னால் போதும், யாரும் காத்திருக்க வேண்டாம். மென்பொருள் எழுதுகிற டேவ் வைனர் அதைப் பிடித்துக்கொண்டார். 2000 டிசம்பரில் அவர் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் (நம் ஊர் அரசியலில் அடிபடுவது அல்ல, ஒரு தளத்தில் புதிதாக வந்ததைத் தானாகத் தெரிவிக்கும் முறை) 0.92 பதிப்பில் ஒலிக்கோப்பின் முகவரியைச் சேர்த்து அனுப்பும் வசதி வந்தது.

வந்து என்ன ஆயிற்று? மூன்று வருஷத்துக்கு அதை அநேகமாக யாரும் சீண்டவில்லை. 2001இல் ஆப்பிளின் ஐபாட் என்ற பாட்டுக் கேட்கும் கருவி வந்தும் கம்ப்யூட்டரில் இறங்கியதை அதற்குள் தானாக ஏற்றிவைக்கும் மென்பொருள் இல்லை. 2003இல் வானொலிக்காரர் கிறிஸ்டோபர் லைடன் எடுத்த நேர்காணல்களை வைனர் இந்த முறையில் வெளியிட்டார். 2004இல் ஐபாடர் என்ற சிறு மென்பொருள் வந்தது, கறி தன் நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதற்கப்புறம்தான் ஆட்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் மூவாயிரம் பாட்காஸ்டுகளைப் பட்டியலிட்டபோது, இரண்டே நாளில் பத்து லட்சம் சந்தாக்கள் விழுந்தன.

முந்திக்கொண்டவர்கள் எல்லாரும் பிழைத்தார்களா என்றால், ஓடியோ என்ற கம்பெனியைப் பார்க்கலாம். நோவா கிளாஸும் இவான் வில்லியம்ஸும் பாட்காஸ்டுக்காகவே தொடங்கியது. பணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், சரியான நேரமும்தான். ஆப்பிள் இறங்கியதும் தொழிலே தள்ளாட, 2006இல் அவர்கள் வேறு எதையாவது செய்துபார்ப்போம் என்று உருவாக்கிய ஒன்றுதான் ட்விட்டர். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

இங்கே அப்போது நாம் எங்கே இருந்தோம்? 2005 ஜனவரியில்தான் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. வேகம் 256 கேபிபிஎஸ், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வேறு. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் அன்றைக்குத் தமிழ் பாட்காஸ்ட் தொடங்கியிருந்தால், பக்கத்து வீட்டில்கூடக் கேட்க வழியில்லை. அமெரிக்காவிலேயே 2014இல், ஐபோனில் பாட்காஸ்ட் ஆப் முன்கூட்டியே பதிந்து வரத் தொடங்கிய பிறகு, 'சீரியல்' என்ற குற்றவிசாரணைத் தொடர் வந்துதான் இரண்டாவது அலை எழுந்தது. நம் பக்கம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது, ஆண்ட்ராய்டு போனில் யூடியூப் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதனால் மற்ற ஊர்களில் காதால் கேட்டதை நம் ஆட்கள் கண்ணால் பார்க்கப் பழகினார்கள். மச்சான் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆக, லேட்டா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். உங்கள் பாட்காஸ்ட் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வைனர் செய்த ஏற்பாட்டில் நடுவில் முதலாளி கிடையாது. உங்கள் பகுதிகளின் பட்டியலான ஃபீடுக்கு ஒரு முகவரி, அதைக் கேட்பவர் எந்த ஆப்பில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 2024இல் கூகுள் தன் பாட்காஸ்ட் ஆப்பை மூடியபோது, கேட்டவர்கள் சந்தாப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறு ஆப்புக்குப் போனார்கள். ஒரு பாட்காஸ்டும் அதனால் அழியவில்லை. இன்னொரு பக்கம், 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடையானது நினைவிருக்கும். அந்தத் தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. கிராமத்திலிருந்து லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்தவர்களுக்கு அந்த ஆட்களைத் திரும்பக் கூப்பிட ஒரு வழியும் மிச்சமில்லை.

யூடியூபில் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாகப் போடுங்கள். ஃபீடைக் கொடுத்தால் அதுவே எடுத்துக்கொள்ளும் வசதிகூட இப்போது இருக்கிறது. வாட்ஸப்பில் கோப்பாக அனுப்புங்கள், 14 எம்பி இன்று ஒரு விஷயமே இல்லை. அந்த ஐம்பது என்ற கணக்கில் வாட்ஸப்பில் கேட்பவர்கள் வரமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் மூலக்கோப்புகளை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். இலவசமாக இடம் தருகிறவரிடம், பின்னால் வேறு இடத்துக்கு மாறினால் பழைய ஃபீடைப் புதியதற்குத் திருப்பிவிட முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்புறம், ஐம்பது பேர் குறைவு என்கிறீர்கள். உங்கள் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் சேர்ந்தால் ஹெட்மாஸ்டர் லட்டு வாங்கிக் கொடுப்பார்.

ஆழியாற்றுத் தண்ணீர் பற்றி விவசாயி பேசிய உங்கள் பாட்காஸ்ட் பகுதிக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத வைத்ததே அதுதான். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் உங்கள் பக்கத்துச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வர வேண்டும். கோடை வந்தால் இதில் தகராறும் வரும். தமிழ்நாட்டுச் சேனல் அதைத் தமிழ்நாடு, கேரளா என்று சொல்லும். மலையாளச் சேனலும் அதையேதான் திருப்பிச் சொல்லும். கேரள அரசு வழியாகத் தமிழ்நாட்டிடம் தண்ணீர் கேட்டு நிற்கிறவர்களில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருக்கிறார்கள் என்பது இந்த இரண்டு கதையிலும் பொருந்தாது, அதனால் விட்டுவிடுவார்கள். உங்கள் விவசாயி நாற்பது நிமிஷம் அதைப் பேசுகிறார். எந்த மாசம் திறந்தால் எந்த மடை வரைக்கும் எட்டும், கடைமடைக்காரன் யாரிடம் போய் நிற்பான் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். அதை ஒரு நிமிஷமாக வெட்டினால் மிஞ்சுவது அவருடைய கோபம் மட்டும்தான். கோபத்துக்கு இணையத்தில் பஞ்சமில்லை.

வானொலியும் இதற்கு இடம் தந்ததில்லை. கோயம்புத்தூர் அலையும் திருச்சூர் அலையும் உங்கள் ஊரில் தாராளமாக எடுக்கும், இரண்டிலும் உங்கள் ஊர்ப் பேச்சு அபூர்வம். தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதியில்லை. சமுதாய வானொலியை 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள், ஆனால் லைசென்ஸ், டவர், 100 வாட், சுற்றிப் பத்து கிலோமீட்டர் என்று ஏகப்பட்ட கட்டு. உங்களுக்கு ஒரு போனும் மைக்கும் போதுமாக இருக்கிறது. யாரிடமும் மனுப் போடவில்லை.

கடைசியாகச் சென்னைக்காரர். பேச்சைத் திருத்தாதீர்கள். அக்ஷயா சென்டர் (இ-சேவை மையம்), மாவேலி ஸ்டோர் (அரசு மளிகைக் கடை), குடும்பஸ்ரீ (பெண்கள் சுயஉதவிக் குழு) என்று வாழ்கிறவர் அப்படித்தான் பேசுவார். வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று தோன்றினால் நடுவில் ஒரு வரியில் நீங்கள் விளக்கிவிடுங்கள், பேசுகிறவரை மாற்றிப் பேசச் சொல்ல வேண்டாம். டீச்சர் வந்த பகுதியில் அவர் இரண்டு இடத்தில் ரேடியோக்காரர் போல விறைத்துப் பேசினார். மைக்கைப் பார்த்த பயமாக இருக்கும். அடுத்த முறை முதல் பத்து நிமிஷம் சும்மா பேசவிட்டு, அதற்கப்புறம் கேள்வியைத் தொடங்குங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மணக்கடவில் தண்ணீரை அளக்கிறவர்கள் இரண்டு மாநிலத்திலும் இருப்பார்கள். ஓய்வுபெற்றவர் ஒருவரைக் கண்டுபிடித்து, அளவை எப்படி எடுப்பார்கள், கணக்கு ஒத்துவராத நாளில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். வெளியிட்டதும் எனக்கு அனுப்புங்கள், யூடியூப் லிங்க் வேண்டாம், ஃபீட் முகவரியாகவே அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா