ஆண் பூனைக்கு மூத்திர அடைப்பு, ஆபரேஷனுக்குக் கையில் பணம் இல்லை. ஆன்லைனில் திரட்ட முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது: ஆண் பூனை, சிறுநீர் அடைத்துவிட்டது, தனியார் மருத்துவமனையில் உடனே ஆபரேஷன் என்று 50,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள், கையில் 10,000கூட இல்லை, இணையத்தில் பணம் திரட்டலாமா, யாராவது செய்ததுண்டா?

நான் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டு வக்கீலுக்கு (எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வான் என்று அம்மா வைத்த பெயர்) இதே பிரச்சினைதான். பதில் நீளும், அதனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூனை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு, இருக்கிற பணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் எந்த வெட் டாக்டர் இருந்தாலும் அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல், படிகத் துகளோ சளி மாதிரியான கட்டியோ போய்ச் சிக்கினால் போதும், சிறுநீர்ப் பை நிரம்பி, சிறுநீரகம் வேலையை நிறுத்தி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, கடைசியில் இதயத் துடிப்பையே கெடுத்துவிடும். மண் ட்ரேயில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் நிறைய. அதைவிட மோசம், வலிக்கிறதே என்று டோலோ, குரோசின் கொடுப்பது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரைகூட பூனையைக் கொன்றுவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம்.

உங்களிடம் சொன்ன 50,000 என்பது பெரும்பாலும் ஒரே செலவு கிடையாது, இரண்டு மூன்று செலவுகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. முதலாவது, இன்றைக்கு ராத்திரி உயிரைக் காப்பாற்றுவது: ட்ரிப்ஸ் ஏற்றி, மயக்க ஊசி போட்டு, கதீட்டர் (சிறுநீர் வெளியேற உள்ளே விடும் மெல்லிய குழாய்) விட்டு அடைப்பை எடுப்பது. அடுத்தது, கதீட்டரோடு சில நாள் அட்மிட் செய்து வைத்துப் பார்ப்பது. ஆபரேஷன் என்பது மூன்றாவது. அதில் அடிப்பக்கம் வெட்டி, குழாயின் குறுகலான பகுதியை நீக்கி, அகலமான புதுத் திறப்பு வைப்பார்கள். இந்த மூன்றாவது எல்லாப் பூனைக்கும் தேவைப்படுவதில்லை. கதீட்டரே போகாத அளவுக்கு இறுகியிருந்தாலோ, திரும்பத் திரும்ப அடைத்தாலோதான் பெரும்பாலும் அதற்குப் போவார்கள். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது "மொத்தம் எவ்வளவு" என்று இல்லை. "இன்றைக்கு உயிர் தப்ப என்னென்ன செய்யணும், அதுக்கு மட்டும் எவ்வளவு? ஆபரேஷன் இன்னைக்கே பண்ணித்தான் ஆகணுமா, கதீட்டர் போட்டுப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். நேராகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார். இன்றே வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், அதில் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

எங்களிடம் முதலில் போன இடத்தில் முழுத் தொகையையும் அட்வான்ஸாகக் கட்டச் சொன்னார்கள். இன்னொரு இடத்துக்குப் போனோம், அங்கே அன்றைய செலவுக்கு மட்டும் 9,000 வாங்கிக்கொண்டு கதீட்டர் போட்டுவிட்டார்கள். வக்கீல் பிழைத்தான். சில வாரம் கழித்து மறுபடி அடைத்துக்கொண்டு, ஆபரேஷன் வரைக்கும் போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதற்குள் எனக்கு அவகாசம் கிடைத்திருந்தது. பணம் திரட்ட அவகாசம் வேண்டும், அதை வாங்கித் தருவது அந்த முதல் 9,000தான். அந்தச் சின்னத் தொகைக்கு இணையத்தில் உண்டியல் வைக்கத் தேவையில்லை. நாலு பேருக்குப் போன் போட்டாலே வந்துவிடும்.

செலவைக் குறைக்க ஒரு வழி. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903-லிருந்து இருக்கும் கல்லூரி, தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, பேராசிரியர்களே பார்ப்பார்கள். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும், நாயும் பூனையும் ஆடுமாகக் கூட்டம் இருக்கும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி, இங்கெல்லாமும் அரசுக் கால்நடைக் கல்லூரிகள் இருக்கின்றன. வக்கீலுக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேப்பேரியில் எடுத்ததிலேயே நல்ல தொகை மிச்சமானது. ஆபரேஷனும் அங்கேயே செய்திருக்கலாம். எனக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மாவால் வரிசையில் நிற்க முடியாது, அதனால் தனியாரில் செய்தோம். ப்ளூ கிராஸ் மாதிரி அமைப்புகளிடமும் கேட்கலாம், ஆனால் தனியார் மருத்துவமனை பில்லைக் கட்டுங்கள் என்று போய் நிற்காதீர்கள். தெருவில் அடிபட்டுக் கிடப்பவற்றைப் பார்க்கவே அவர்களிடம் இருப்பது போதாது. "எங்கே குறைவாகும், எந்த டாக்டர் பூனை ஆபரேஷன் நன்றாகச் செய்வார்" என்று கேளுங்கள், அந்தத் தகவலே பல ஆயிரம் பெறும்.

இப்போது திரட்டுவது. நம்மூரில் மிலாப், கீட்டோ மாதிரி தளங்கள் உண்டு. கோஃபண்ட்மீயில் இந்திய வங்கிக் கணக்கைக் கொடுத்துத் திறக்க முடியாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எதில் தொடங்கினாலும் டாக்டர் கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட், உங்கள் ஆதாரங்கள், வங்கி விவரம் எல்லாம் கேட்பார்கள், சரிபார்ப்பார்கள், சேர்ந்த பணமும் நினைத்த நிமிஷத்தில் கைக்கு வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தால் முகம் தெரியாதவர்கள் வந்து கொட்டுவார்கள் என்று நினைக்கிறோம், கொட்டுவதில்லை. குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்கு நடுவில் நம் பூனையின் படம் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பார்கள்? எங்களுக்கு வந்ததில் பெரும்பகுதி என்னையோ அம்மாவையோ நேரில் தெரிந்தவர்களிடமிருந்துதான். ஆபீஸ் ஆட்கள், மாடி வீட்டுக்காரர், அம்மாவின் பழைய பள்ளிக்கூடத் தோழிகள். தெரியாதவர்கள் என்றால், சென்னைப் பூனை வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றிலிருந்து கொஞ்சம் வந்தது. கல்லூரி நண்பர்கள் குழுவில் பத்து அழுகை எமோஜி வந்தது, ஒரு ரூபாய் வரவில்லை. அதே குழுவில் இருந்தவர்களுக்குத் தனித்தனியாகப் போன் செய்தபோது பாதிப் பேர் அனுப்பினார்கள். குழுவில் கேட்டால் எல்லாரும் மற்றவர் கொடுத்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, ஆனாலும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள். "முடிஞ்ச உதவி பண்ணு" என்று சொல்லாதீர்கள், "500 ரூபாய் தர முடியுமா?" என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். தொகை சொல்லாவிட்டால், குறைவாகக் கொடுத்தால் கேவலமோ என்று யோசித்தே சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

எழுதி அனுப்பும் செய்தி சின்னதாக இருக்கட்டும். பூனைக்கு என்ன நோய், எந்த மருத்துவமனை, எஸ்டிமேட் எவ்வளவு, நீங்களே போட்டது எவ்வளவு, இன்னும் தேவை எவ்வளவு. கூடவே லெட்டர்ஹெட்டில் இருக்கும் எஸ்டிமேட்டின் போட்டோ, பூனையை ட்ரிப்ஸோடு எடுத்த ஒரு வீடியோ. "நீங்களே போட்டது எவ்வளவு" என்ற வரி ரொம்ப முக்கியம், தன் கையிலிருந்து ஒன்றும் போடாதவருக்கு யாரும் போட மாட்டார்கள். யாரோ ஒருவரின் பூனைப் படத்தைத் திருடி வசூல் செய்யும் கூட்டம் இருப்பதால் சந்தேகப்பட்டு நாலு கேள்வி கேட்பார்கள், கோபப்படாதீர்கள். சந்தேகத்தைத் தீர்க்க ஒரே நல்ல வழி, பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டச் சொல்வது. பூனையின் பெயரையும் பதிவு எண்ணையும் குறிப்பில் போடச் சொல்லுங்கள், கட்டியதும் உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பட்டும். உங்கள் க்யூஆர் கோடைப் பொதுவில் போட்டால் மோசடிக்காரர்களும் வருவார்கள். "நான் 5,000 அனுப்புறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே பிளாக் செய்யுங்கள். பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

பணம் உங்கள் கணக்குக்கே வருவதில் வரி விஷயமும் ஒன்று இருக்கிறது. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொந்தமல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் உங்கள் கைக்கு வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்த முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும், தாண்டிய பகுதி மட்டும் என்று நினைக்காதீர்கள். சொந்தம் என்பதற்கும் வருமான வரிச் சட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு: சித்தப்பா கொடுத்தால் சொந்தம், சித்தப்பா பையன் கொடுத்தால் சொந்தமில்லை! திருப்பித் தருகிறேன் என்று வாங்கியது கடன், அது இதில் வராது, ஆனால் கடன் என்று இரண்டு வரி வாட்ஸப்பிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆபரேஷன் செலவில் பாதிக்கு மேல் அம்மாவின் வளையல்தான் தாங்கியது. வீட்டில் ஒரு பவுன் இருந்தாலும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்தால் அன்றைக்கே பணம் வரும், வட்டியும் தெரிந்த வட்டி. பிறகு திரட்டிய பணத்தில் மீட்டுக்கொள்ளலாம், மீட்ட ரசீதையும் கொடுத்தவர்களுக்குக் காட்டலாம். சீட்டுப் போட்டிருந்தால் தள்ளி எடுக்க முடியுமா என்று பாருங்கள். நிமிஷத்தில் கடன் தரும் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். போனில் இருக்கும் எல்லா நம்பரையும் எடுத்துக்கொண்டு, தவணை ஒரு நாள் தள்ளினாலும் உங்கள் மேனேஜருக்குப் போன் போடுகிற கம்பெனிகள் அதில் உண்டு. கந்துவட்டியும் வேண்டாம். 2003-லிருந்து அதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, ஆனால் தினமும் வாசலில் வந்து நிற்பவனிடம் சட்டம் பேசுகிற நிலைமையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். காப்பீடு எடுக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். பூனைக்கும் பாலிசி தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் வந்துவிட்ட நோய்க்கு இப்போது எடுத்துப் பயனில்லை.

"மனுஷனுக்கே வழியில்லை, பூனைக்கு வசூலா" என்று நிச்சயம் ஒருத்தர் கேட்பார். என்னிடம் சொந்தப் பெரியப்பாவே கேட்டார். பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கொடுக்க அவருக்குக் கடமை இல்லை, கேட்க உங்களுக்குத் தடை இல்லை, அடுத்த நம்பருக்குப் போன் போடுங்கள்.

கணக்கை மட்டும் ஒழுங்காக வையுங்கள். யார் எவ்வளவு, எந்தத் தேதி, மருத்துவமனைக்கு எவ்வளவு கட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதி, டிஸ்சார்ஜ் ஆன அன்றே ஃபைனல் பில்லை எல்லாருக்கும் அனுப்புங்கள். மிச்சம் வந்தால் என்ன செய்வது என்று கொடுத்தவர்களையே கேளுங்கள். எங்களிடம் மிச்சம் 2,000 சொச்சம், இன்னொரு வீட்டுப் பூனையின் மருந்துக்குப் போனது. பூனை பிழைக்காமல் போனாலும் பில்லை அனுப்பத்தான் வேண்டும். அந்த நிலைமையில் கஷ்டம்தான், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள்.

பிழைத்து வந்தபின் செலவு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டாக்டர் சொல்லும் சாப்பாடு, நிறையத் தண்ணீர், காய்ந்த தீவனத்துக்குப் பதில் முடிந்தவரை ஈரமான உணவு, இதற்கும் மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். ஆபரேஷன் செய்தாலும் சிறுநீர்த் தொற்று வரலாம், மண் ட்ரேயைத் தினமும் கவனியுங்கள்.

எந்த ஊர், கதீட்டர் போட்டாயிற்றா இல்லையா என்று கீழே எழுதுங்கள். சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் என்றால் பூனை ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் யார் யார் என்று எங்கள் குழுவில் கேட்டுச் சொல்கிறேன்.