'நீதிக்கதை'யில் வரும் நீதி, கோர்ட்டு நீதிதானா?

இல்லைங்க. 'நீதி', 'கதை' இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை. 'கதை' என்றால் சொல்லப்படுவது. அதில் சிக்கலில்லை. 'நீதி'தான் சுவையான சொல். அதன் வேர் 'நீ'. அழைத்துச் செல்வது, வழிநடத்துவது என்று பொருள். 'நாயகன்' பிறந்ததும் இதே வேரிலிருந்துதான். ஆக, நீதி என்றால் முதலில் நடந்துகொள்ளும் முறை, உலகத்தில் பிழைக்கும் விவேகம். தீர்ப்பு, நியாயம் என்று நாம் இன்று சொல்வதெல்லாம் அதன் ஒரு கிளை.

காங்கேயம் பக்கம் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) திண்ணையில் புளி தட்டிக்கொண்டே சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் குதிக்கவைத்த முயல் கதையைச் சொல்வார். "முயலு பொய்தானுங்க அமுச்சி சொல்லுச்சு, இதுல என்ன நீதி?" என்று கேட்டேன். "பொழைக்கோணுமல்ல கண்ணு!" என்றார். பஞ்சதந்திரக் கதை அது. அந்த நூலே தன்னை நீதி சாஸ்திரம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அமுச்சி சொன்னது சொல்லின் பழைய பொருளை அப்படியே தொட்டுவிட்டது என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

சரி, இந்தச் சொல் வருவதற்கு முன் தமிழில் இப்படிக் கதைகள் இல்லையா? இருந்தன. தொல்காப்பியச் செய்யுளியல் 'பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி', அதாவது உலகில் நடவாததை இட்டுக்கட்டிச் சொல்வது, என்று ஓர் உரைநடை வகையைக் குறிக்கிறது. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் தம் உரையில் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, ஒரு யானையும் குருவியும் நட்பாகிய கதை.