கேட்க ஆளில்லாத வேலை

அன்புள்ள ஐயா,

கம்பம்மெட்டு மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கடந்த ஜூனில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, சுற்றறிக்கைகள், உடனே கேட்கப்படும் புள்ளிவிவரங்கள் என்றே பொழுது போய்விடுகிறது. வகுப்பறைக்குள் செல்ல முடிவதில்லை. எதை முதலில் செய்வது என்று எப்படி முடிவெடுப்பது?

க., கம்பம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

நீங்கள் குறிப்பிட்ட பணிகளில் எதையும் வீண் என்று சொல்ல மாட்டேன்; எமிஸில் ஒரு மாணவியின் விவரம் பிழையானால் அவளுக்குரிய உதவித்தொகை தடைபடக்கூடும். ஆனால் அப்பணிகளை நினைவூட்ட அதிகாரி இருக்கிறார், கெடு தேதி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிடும் எட்டாம் வகுப்புச் சிறுமியைப் பற்றி உங்களுக்கு நினைவூட்ட எவரும் இல்லை. கேட்க ஆளில்லாத அந்த வேலைக்குத்தான் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் முதலில் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் ஊரில் அதற்கு ஒரு பருவமும் உண்டு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியும் முன்பே ஜீப் ஏறும் தாய்மார்கள் பொழுது சாயும் வேளையில்தான் திரும்புகிறார்கள். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய்பறிப்பு தை வரை நீள்வதால், மூத்த பெண்பிள்ளைகளின் படிப்பு தடுமாறும் மாதங்களும் அவையே. எனவே பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தைக் காகிதங்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பறிப்பு தொடங்கும் முன் அந்தப் பெற்றோரைச் சந்தித்துவிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் மலையேறிப் போனவர்கள் எப்படி வருவார்கள்? அவர்கள் வேலைக்குப் போகாத நாளில், அவர்களுடைய தெருவுக்கே செல்லுங்கள்.

அன்றாடத்தில், முதல் இரண்டு பாடவேளைகளை வகுப்பறைகளுக்கென வைத்துக்கொண்டு, அதை ஆசிரியர் கூட்டத்திலும் கல்வி அலுவலரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாத ஒழுங்கை முதல் தொலைபேசி அழைப்பே கலைத்துவிடும். புள்ளிவிவரப் பணியை நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். அவருக்கு வேறு கூடுதல் பொறுப்பு எதையும் தராதீர்கள், பாடவேளையில் அதைச் செய்யவும் விடாதீர்கள். இல்லையேல் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவருடைய மாணவர்களிடமிருந்து எடுத்ததாகிவிடும்.

ஆண்டு விழா இம்முறை எளிமையாக நடந்தால் நடக்கட்டும். எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் நின்றுவிடக்கூடும் என்பது வகுப்பாசிரியர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். இந்த வாரமே அவர்களுடன் அமர்ந்து அந்தப் பெயர்களை எழுதி வாங்குங்கள்.