மண் சுவருக்கு சிமெண்ட் பூச்சு: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

அரூர் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலேயே மண் வீடு கட்டப் போகிறோம். நானும் மனைவியும்தான் மண்ணை மிதித்துக் குழைக்கப் போகிறோம், சொந்தக்காரர்கள் கைகொடுப்பார்கள். ஊர் மேஸ்திரியோ, "வெளியே கோழிவலை அடிச்சு சிமெண்ட் பூசிடு, இல்லேன்னா ரெண்டு மழைக்குத் தாங்காது" என்கிறார். அப்பாவும் அதையே சொல்கிறார். பூசலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பூசாதீர்கள். மேஸ்திரி உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் மண் சுவரை மழையைவிட அதிகமாகக் கெடுப்பது அந்தப் பூச்சுதான்.

மண் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். அப்போது லேசாக உப்பும், சுருங்கும். விறைப்பான சிமெண்ட் இதற்கு ஈடுகொடுக்காமல் மயிரிழையாக விரிசல் விடும். அதன் வழியே உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. பார்க்கச் சுவர் பளிச்சென்று இருக்கும். உள்ளே மண் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு ஐப்பசி மழையில் பூச்சு மண்ணையும் இழுத்துக்கொண்டு பாளம் பாளமாக விழும்.

இங்கிலாந்தில் டெவன் என்று ஒரு பகுதி, நல்ல மழை பெய்யும் இடம். மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய வீடுகள் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன. ஆங்கிலேயக் கடலோடி வால்ட்டர் ராலே பிறந்த 16ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடும் அப்படிக் கட்டியதுதான், இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய வீடுகளில் பலவும் ஈரம் கோத்துப் பாழாகின. சில இடிந்தே போயின.

சரி, மழைக்கு என்னதான் வழி? அடியும் கூரையும்தான். பேஸ்மட்டத்தைக் கருங்கல்லில் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். சுவரின் கால் கரைவது பெரும்பாலும் தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரால்தான். கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடி வெளியே இறங்கட்டும். பணம் போதவில்லை என்றால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இந்த இரண்டில் வேண்டாம். பூச்சுக்கு மண்ணும் சாணமும் போதும். மழை சாய்ந்து அடிக்கும் பக்கம் மட்டும் சுண்ணாம்பும் மணலும் பூசுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்.

தையில் தொடங்குங்கள். ஒன்றரை அடி உயர்த்தியதும் காயவிட்டு அப்புறம் மேலே ஏறுங்கள். அவசரப்பட்டால் அடி பிதுங்கும்.

அதற்கெல்லாம் முன்னால் மண்ணைப் பாருங்கள். மேல்மண்ணை ஓரடி வழித்துவிட்டு, அடியிலிருந்து எடுத்து, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி தெளிய ஒரு நாளாவது ஆகும். மேலே படியும் களி மொத்த மண்ணில் கால் பங்கைத் தாண்டினால் சுவர் வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். படிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எவ்வளவு சேர்ப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.