பேரரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் மற்றவர்கள் இங்கே எழுதியிருக்கும் ஆடம்பரம், வாரிசுச் சண்டை, ஒழுக்கக்கேடு எல்லாவற்றையும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியில் இதே கேள்விக்கு நான் எங்கள் ஊர் சிங்கோனா மரத்தைப் பற்றி எழுதினேன். விரிவுரையாளர் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டு, ‘கேட்டதற்கு மட்டும் பதில் எழுது’ என்றார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஊர் நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் வழி. இங்கே பழைய சிறை ஒன்று உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் சீனக் கைதிகளை அடைத்துவைத்துச் சிங்கோனா தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். அந்த மரப்பட்டையில்தான் மலேரியாவுக்கான கொயினா மருந்து இருக்கிறது. சிப்பாயும் அதிகாரியும் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தால் எந்த ராஜ்ஜியம் நிற்கும்? 1860 வாக்கில் மார்க்கம் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தென் அமெரிக்காவிலிருந்து கன்றும் விதையும் கொண்டுவர ஏற்பாடு செய்து நீலகிரியில் நடவைத்தது அதனால்தான்.

சரி, வீழ்ச்சிக்கு வருகிறேன். கொயினா அதிகமுள்ள பொலிவிய விதையை 1865இல் லெட்ஜர் என்ற வியாபாரி லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசு வேண்டாமென்றது. டச்சுக்காரர்கள் கொஞ்சம் வாங்கி ஜாவாவில் நட்டார்கள். 1930களில் உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்துதான் போனது. உலகச் சந்தையில் எங்கள் மலைப் பட்டையைச் சீந்த ஆளில்லை. டச்சுக்காரர்கள் மட்டும் நிலைத்தார்களா? 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. போர் முடிந்து திரும்பி வந்து சண்டை போட்டும் கட்டுப்படியாகாமல் 1949இல் இந்தோனேசியாவை விட்டார்கள். பிரிட்டனும் போர் முடிந்தபோது இந்தியாவுக்கே நூறு கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. வரவைவிடக் காவல் செலவு கூடினால் எவனாலும் பிடித்துவைக்க முடியாது என்பதுதான் என் கட்சி.

‘வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா, அப்போ சுதந்திரப் போராட்டம்?’ என்று கிளம்பிவிடாதீர்கள். போராட்டம்தானே காவல் செலவை ஏற்றிவிட்டது? இந்திய மாலுமிகளின் 1946 கடற்படைக் கலகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.