முன்னாள் படைவீரர் பக்கம்: போர்க்காய ஓய்வூதியத்தை இப்போது கேட்கலாமா?

கேள்வி: 1988-இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் சேர்ந்து, 2012-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். 2001 ஆகஸ்டில் காஷ்மீரின் குப்வாரா மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது, தீவிரவாதிகள் வீசிய கையெறி குண்டின் சில்லுகள் என் இடது காலில் பாய்ந்தன. ஸ்ரீநகர் இராணுவ மருத்துவமனையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று சில்லுகளை எடுக்க முடியாமல் உள்ளேயே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு தாழ்ந்த மருத்துவப் பிரிவில் வைத்து, ஸ்டோரில் வேலை கொடுத்து, பணிக்காலம் முடியும் வரை படையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஓய்வின்போது மெடிக்கல் போர்டு ஆயுட்காலத்துக்கும் 30 சதவீத ஊனம் என்று எழுதியது. அந்த 30 சதவீதத்துக்குக் கணக்கிட்ட டிஸ்எபிலிட்டி எலிமென்ட் மாதந்தோறும் பென்ஷனுடன் வருகிறது. உடன் பணியாற்றிய ஒருவர், எனக்கு வர வேண்டியது வார் இன்ஜுரி எலிமென்ட் என்றும் அது இரண்டு மடங்கு என்றும் சொல்கிறார். இன்னொருவரோ, புதிய விதி வந்துவிட்டதால் இனி எதுவும் நடக்காது என்கிறார். 2002-இல் ஏதோ ஒரு மொத்தத் தொகை என் கணக்கில் வந்ததாகவும் நினைவு. நான் இப்போது விண்ணப்பிக்க முடியுமா?
– முன்னாள் ஹவில்தார், தேனி மாவட்டம்

பதில்: முடியும். நீங்கள் எழுதியிருப்பவை ஆவணங்களிலும் அப்படியே இருக்குமானால், உங்களுக்குச் சேர வேண்டியது போர்க்காயக் கூறுதான் (வார் இன்ஜுரி எலிமென்ட்); இதுவரை வந்துகொண்டிருக்கும் ஊனக்கூறு (டிஸ்எபிலிட்டி எலிமென்ட்) அதில் ஒரு பகுதி மட்டுமே.

பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 அன்று வெளியிட்ட ஓய்வூதிய ஆணை, படைவீரர்களின் ஊனத்தையும் மரணத்தையும் அவை நேர்ந்த விதத்தைக் கொண்டு ஏ முதல் இ வரை (A–E) ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. பணியோடு தொடர்பில்லாதவை முதல் வகை. பணிச்சூழலால் வந்த நோய்கள் இரண்டாவது வகையிலும், பணியின்போது நேர்ந்த விபத்துகள் மூன்றாவது வகையிலும் அடங்கும். ஐந்தாவதான இ வகையில் எதிரி நாட்டுடனான போர், எல்லை மோதல், கண்ணிவெடி புதைத்தல், அகற்றுதல் ஆகியவற்றோடு, தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையில் ஏற்படும் காயமும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. போர்க்காயம் என்றால் 1971 போரிலோ கார்கிலிலோ பட்ட காயம் மட்டுமே என்று நம் ஊர்ப்பக்கம் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குப்வாராவில் கிராமத்தைச் சுற்றி வளைத்தபோது வெடித்த கையெறி குண்டும் அதே வகையில்தான் வருகிறது.

வகை மாறினால் தொகை எவ்வளவு மாறும் என்று பாருங்கள். பணிக்காலத்தை முடித்து ஓய்வு பெற்றவருக்கு, நூறு சதவீத ஊனத்துக்கான ஊனக்கூறு கடைசி ஊதியத்தில் 30 சதவீதம்; போர்க்காயக் கூறு 60 சதவீதம். கணக்கு புரிவதற்காக உங்கள் கடைசி ஊதியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீத ஊனத்துக்கு ஊனக்கூறு 4,500 ரூபாய். உங்களுடைய 30 சதவீதத்துக்கு 1,350 ரூபாய். போர்க்காயக் கூறு என்றால் நூறு சதவீத ஊனத்துக்கான தொகை 9,000 ரூபாய். அதோடு, 50-க்குக் குறைவான ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று அதே ஆணையில் இருக்கிறது. உடல் தகுதியின்மையால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்று நெடுங்காலம் மறுத்துவந்தார்கள். ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று உறுதிப்படுத்தியது. அதன்படி உங்களுடைய 30 சதவீதம் 50 ஆகிறது. 9,000-இல் பாதி 4,500 ரூபாய். ஆக, 1,350 வாங்கும் இடத்தில் 4,500 வந்திருக்க வேண்டும். பிந்தைய ஊதியக் குழு திருத்தங்களும் அகவிலைப்படியும் இதற்கு மேல் சேரும். உங்களுக்கு நேர்ந்திருப்பவை இரண்டு தனித்தனிக் குறைகள் என்பதைக் கவனியுங்கள்: சதவீதத்தை உயர்த்தவில்லை, வகையையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் கேளுங்கள். ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டால், கேட்டதை மட்டும் சரிசெய்து கோப்பை மூடிவிடுவார்கள்.

வகை எப்படி மாறியிருக்கும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. மெடிக்கல் போர்டில் உட்காரும் மருத்துவர்கள் ஊனம் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வார்கள். காயம் எங்கே, எந்தச் சூழலில் ஏற்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியது அன்றைய யூனிட். காயம்பட்ட சில நாட்களில் யூனிட் எழுதிய காய அறிக்கையும், அதை ஒட்டி வெளியான பார்ட் டூ ஆர்டரும்தான் (வீரரின் பணிப்பதிவில் சேர வேண்டியவற்றை யூனிட் அறிவிக்கும் ஆணை) இந்த வழக்கின் உயிர்நாடி. நான் பார்த்த ஒரு கோப்பில், யூனிட்டின் முதல் தந்தியில் 'போர்க்களக் காயம்' என்று தெளிவாக இருந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்துக் கூடிய மெடிக்கல் போர்டின் படிவத்தில், அதே காயம் 'பணியின்போது ஏற்பட்ட காயம்' என்ற ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது. படிவத்தை நிரப்பியவர் பொய் எழுதவில்லை, போர்க்களமும் பணியிடம்தானே. ஆனால் ஓய்வூதியம் அந்தச் சுருங்கிய வரியின்படிதான் கணக்கிடப்பட்டது. அந்த மனிதர் ஒன்பது ஆண்டுகள் குறைந்த பென்ஷனை வாங்கிக்கொண்டு, கால் வலிக்கும்போதெல்லாம் தன் விதியை நொந்துகொண்டிருந்தார். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் காகிதங்களைச் சேகரியுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் காயம் பற்றிய பதிவும் பதக்கங்கள் பற்றிய பதிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதிரியின் நேரடித் தாக்குதலில் காயமுற்றவர்களுக்கு வழங்கப்படும் பராக்கிரம் பதக்கம், அதாவது நாம் வூண்ட் மெடல் என்று சொல்வது, உங்களுக்குக் கிடைத்திருந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. பெட்டியில் கிடக்கும் பதக்கங்களில் வெள்ளை நாடாவின் நடுவே சிவப்புக் கோடு ஓடுவது எதுவென்று தேடிப் பாருங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய எக்ஸ்ரே ஆகியவற்றையும் எடுத்துவையுங்கள். கையில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். காய அறிக்கை, விசாரணை நடந்திருந்தால் அதன் நடவடிக்கைகள், பார்ட் டூ ஆர்டர், ஓய்வின்போது கூடிய மெடிக்கல் போர்டின் முழு ஆவணம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'என் காயம் தொடர்பான தகவல்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

2002-இல் வந்த தொகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஊனத்தோடு பணியில் தொடர்பவர், மாதந்தோறும் வரும் கூறுக்குப் பதிலாக ஒரே தொகையாக இழப்பீடு வாங்கிக்கொள்ள விருப்பம் தெரிவிக்கலாம். அப்படி வாங்கியவர் ஓய்வுக்குப் பின் போர்க்காயக் கூறைக் கேட்க முடியாது. ஆனால் உங்களுக்கு 2012 முதல் ஊனக்கூறு வந்துகொண்டிருக்கிறது என்பதே, அந்த இழப்பீட்டை நீங்கள் வாங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. வந்த தொகை நலநிதியிலிருந்தோ வேறு உதவித் திட்டத்திலிருந்தோ வந்திருக்கக்கூடும். அவை வேறு கணக்கு. சந்தேகம் நீங்க, விருப்பப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்பதையும் அதே தகவல் மனுவில் கேட்டுவிடுங்கள்.

புதிய விதி என்று உங்கள் நண்பர் சொல்வது, 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, ஊன ஓய்வூதியத்துக்கான தகுதி விதிகளை. 2012-இல் ஓய்வு பெற்ற உங்களுக்கு அவை பொருந்தமாட்டா.

காகிதங்கள் கைக்கு வந்ததும் ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ரெக்கார்டு ஆபீஸ் ஏற்றுக்கொண்டால், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு ஓய்வூதிய அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) வெளியிடும், அது ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் கணக்கிலேயே தெரியும். மறுத்தால் முதல் மேல்முறையீடு, அதன்பின் இரண்டாவது மேல்முறையீடு. ஒவ்வொன்றையும் மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அங்கும் மறுத்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடலாம். மனு கொடுத்து ஆறு மாதம் வரை பதிலே வராவிட்டாலும் தீர்ப்பாயத்துக்குப் போக வழியிருக்கிறது.

காலதாமதம் உங்கள் உரிமையை அழித்துவிடாது. ஓய்வூதியம் மாதந்தோறும் குறைவாக வருவது தொடர்ந்து நிகழும் தவறு என்பதால், தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுவைத் தள்ள வேண்டியதில்லை என்று தர்செம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதே தீர்ப்பு, நிலுவையை மனுத் தாக்கலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று வரையறுத்தது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை கைநழுவும் என்று எண்ணிக்கொண்டு, தகவல் மனுவை இந்த வாரமே அனுப்புங்கள்.

கேள்வி: என் தந்தை 1988-இல் இந்திய அமைதிப்படையில் இலங்கை சென்று, யாழ்ப்பாணம் அருகே கண்ணிவெடியில் சிக்கினார். 40 சதவீத ஊனத்துக்கான போர்க்காயக் கூறு, 50 ஆக உயர்த்தப்பட்டு வருகிறது. இப்போது முழங்கால் மடங்கவில்லை; ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடிவதில்லை. மறுபடி மெடிக்கல் போர்டு கேட்டால் சதவீதம் கூடுமா?
– வாசகி, வேலூர்

பதில்: கேட்கும் உரிமை உங்கள் அப்பாவுக்கு உண்டு. மெடிக்கல் போர்டு விதித்த சதவீதம் ஆயுள் முழுவதற்கும் இறுதியானது. ஆனால் பாதிக்கப்பட்டவரே மறுமதிப்பீடு கோரினால் மீண்டும் பரிசோதிக்கலாம் என்று விதி இடம் தருகிறது. விண்ணப்பத்தை அவருடைய ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். 40 என்பது 45 ஆனால் ஒரு ரூபாய்கூடக் கூடாது, ஏனெனில் இப்போதே 50-க்குத்தான் வருகிறது. போர்டு 50 என்று எழுதினால்தான் அது 75 ஆக உயரும். அதனால் முதலில் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டி, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசை எவ்வளவு மெலிந்திருக்கிறது, இந்தத் தேய்மானம் பழைய காயத்தின் தொடர்ச்சியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் முக்கியம். வயதால் வந்த மூட்டுத் தேய்மானம் என்று போர்டு முடிவு செய்தால் அதற்குச் சதவீதம் தரமாட்டார்கள். மறுமதிப்பீட்டில் சதவீதம் குறையவும் இடமுண்டு என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருத்துவர் உறுதியாகச் சொன்னால் மட்டும் விண்ணப்பிப்பது நல்லது என்பது என் கருத்து. போர்டு நாளன்று ஊன்றுகோலை வீட்டில் வைத்துவிட்டு விறைப்பாக நடந்து காட்ட அவர் முயலக்கூடும். பழைய சிப்பாய்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நீங்கள் கூடவே போங்கள்.

கேள்வி: என் தம்பி இராணுவத்தில் நாயக்காகப் பணியாற்றியவர். விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும் வழியில், ரயில் நிலையத்துக்குச் சென்ற ஆட்டோ கவிழ்ந்து கை ஊனமானது. விடுப்பில் நடந்த விபத்துக்கு எதுவும் கிடையாது என்று சொல்லி, ஓய்வின்போது ஊனக்கூறை மறுத்துவிட்டார்கள். போர்க்காயம் என்று கோரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போர்க்காயம் என்று கோர முடியாது, அப்படிக் கேட்டு மனுவைப் பலவீனப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் ஊனக்கூறுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. விடுப்பில் அக்காள் வீட்டுக்குப் போன இடத்தில் மாடிப்படியில் தவறி விழுந்த ஒரு வீரருக்கு, காயத்துக்கும் படைப்பணிக்கும் தொடர்பில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஊனக்கூறை மறுத்தது உண்மை. உங்கள் தம்பியின் நிலை வேறு. விடுப்பு இடத்திலிருந்து பணிக்குத் திரும்பும் பயணத்தை, அரசு செலவில் பயணம் செய்யத் தகுதியுள்ள வீரருக்கு, பணியாகவே விதிகள் கருதுகின்றன. விபத்து நடந்தபோது அவர் விடுப்பைக் கழித்துக்கொண்டிருக்கவில்லை, யூனிட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை நிறுவ வேண்டும். விடுப்புச் சான்றிதழ், அன்றைய தேதியிட்ட ரயில்வே வாரண்ட் (அரசு செலவில் பயணம் செய்யத் தரும் சீட்டு) அல்லது டிக்கெட், காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, முதலில் சேர்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் ஆகியவற்றில் உள்ள தேதியும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, மறுப்புக் கடிதத்தின் நகலோடு மேல்முறையீட்டை அனுப்பச் சொல்லுங்கள்.