வாராத எஞ்சின்கள்

அன்புள்ள ஐயா,

மாதிரி ரயில்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நானும் நெடுநாளாக அவற்றைச் சேர்த்துவருபவன். புகழ்பெற்ற நான்கைந்து விரைவு எஞ்சின்களையே நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வெளியிடுகின்றன. யார்டிலும் சரக்குப் பாதையிலும் உழைத்த எளிய எஞ்சின்களை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாம் அனுப்பும் விருப்பப் பட்டியல்களை யாரும் படிப்பதே இல்லையா? உங்கள் பட்டியலில் முதலிடம் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் நாம் ஆசையோடு எழுதுவதை அவர்கள் கணக்கோடு படிக்கிறார்கள். புதிய எஞ்சின் ஒன்றுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு, பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும் எஃகு அச்சுகளைச் செய்வதிலேயே போய்விடுகிறது. அதிலிருந்து ஆயிரம் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் அந்தச் செலவு குறையப்போவதில்லை. ஆகவே, எஞ்சின் எவ்வளவு புகழ்பெற்றது என்பதைவிட, ஒரே அச்சிலிருந்து எத்தனை வேறுபட்ட வண்டிகளை எத்தனை ஆண்டுகளுக்கு விற்க முடியும் என்பதே அவர்களுக்கு முதல் கேள்வியாக இருக்கிறது.

1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய மல்லார்டு என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சின் சேர்ந்த ஏ4 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வகையில் கட்டப்பட்டவை 35. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. நீலம், போர்க்காலக் கறுப்பு, பிற்காலப் பச்சை என்று பல வண்ணங்களில் அவை ஓடின. வேகச் சாதனை இல்லாதிருந்தாலும் ஒரு தயாரிப்பாளரின் கண் அதன்மேல் பட்டிருக்கும்.

உங்கள் குற்றச்சாட்டில் பாதி இங்கேதான் தளர்கிறது. பிரிட்டனில் 1952 முதல் 1962 வரை 996 எண்ணிக்கையில் கட்டப்பட்ட 08 வகை டீசல் ஷண்டிங் எஞ்சினைவிட, அதாவது யார்டில் பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கும் எஞ்சினைவிட, எளிய உழைப்பாளியைக் காட்டுவது கடினம். அதை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மாதிரியாக்கியிருக்கின்றன, ஏனெனில் அது நீண்டகாலம் உழைத்து, கைமாறி, பல சட்டைகளை மாற்றிக்கொண்டது. மாறாக, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1908இல் கட்டிய 'தி கிரேட் பேர்' அந்நிறுவனத்தின் ஒரே பசிபிக் வகை எஞ்சின், அதாவது முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு சக்கரங்கள் கொண்டது. 1924இல் அதையும் பிரித்து வேறு வகையாக மாற்றிவிட்டார்கள். ஒரே வண்டி, குறுகிய வாழ்க்கை. இதற்கு விதிவிலக்கும் உண்டு: 1929இல் ஒன்றே ஒன்றாகக் கட்டப்பட்ட எல்என்இஆர் (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) டபிள்யூ1 எஞ்சினை ஹார்ன்பி நிறுவனம் மாதிரியாக வெளியிட்டது. அதன் உயரழுத்தக் கொதிகலனும் விநோத முகமும் எண்ணிக்கைக் குறையை ஈடுசெய்துவிட்டன போலும்.

நீராவி எஞ்சினுக்கு இன்னொரு தடையும் உண்டு. டீசல் எஞ்சினாக இருந்தால், போகிகள் (அடியிலுள்ள சக்கரச் சட்டங்கள்) ஒத்துப்போகும்போது, இருக்கும் அடிப்பகுதியின் மேல் வேறோர் உடலைப் பொருத்திவிடலாம். நீராவி எஞ்சினிலோ சக்கரத்தின் விட்டம், சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம், இணைப்புத் தண்டுகளின் அமைப்பு ஆகியவை வகைக்கு வகை மாறுவதால் அடிப்பகுதியையே புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்கிறது. அதோடு, அசல் எஞ்சின் அருங்காட்சியகத்தில் நின்றால் லேசர் கொண்டு அதை அளந்துவிடலாம். எல்லாமே பழைய இரும்பாகிவிட்டால் வரைபடத்தையும் புகைப்படத்தையுமே நம்ப வேண்டும். வரைபடம் எஞ்சின் பிறந்த நாளின் தோற்றத்தைத்தான் சொல்லும், பணிமனையில் பின்னர் ஒட்டியதையும் வெட்டியதையும் சொல்லாது.

வளைவுகளும் இடம் தருவதில்லை. அமெரிக்க 'பிக் பாய்' நீராவி எஞ்சின், எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியோடு சேர்த்து, 40 மீட்டருக்குச் சற்று அதிகம். 1:87 விகிதமான ஹெச்ஓ அளவில் அது ஏறத்தாழ 46 சென்டிமீட்டர். அசலில் முன்சக்கரத் தொகுதி மட்டுமே திரும்பும், பின்தொகுதி கொதிகலனோடு உறுதியாகப் பிணைந்திருக்கும். வீட்டு மேசையின் வளைவில் அது நுழைய வேண்டும் என்பதற்காகப் பல மாதிரிகளில் இரண்டு தொகுதிகளையுமே திரும்பும்படி செய்திருக்கிறார்கள். கொதிகலன் வளைவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சி எனக்குச் சிறிதும் உவப்பானதல்ல.

பட்டியல் எழுதும் நாமும் ஒன்றை மறந்துவிடுகிறோம். எஞ்சினைக் கேட்கிறோமே தவிர, அது இழுத்த பெட்டிகளைக் கேட்பதில்லை. பொருத்தமான பெட்டிகள் இல்லாத எஞ்சின் அலமாரியில்தான் நிற்கும் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். எனவே அடுத்த முறை எழுதும்போது எந்த ஆண்டு, எந்த வண்ணம், பின்னால் எந்தப் பெட்டிகள் என்பதையும், அதே அடிப்பகுதியில் வேறு எந்த வகையைச் செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் பெயரைக் குறிப்பதற்குச் செலவே இல்லை. அந்த வாக்குகளில் எத்தனை விற்பனையாகும் என்ற அவர்களது சந்தேகம் நியாயமானதே.

என் முதலிடத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு ஆப்பிரிக்க ரயில்வேயின் 59 வகை 'கேரட்' எஞ்சின், அதாவது ஒரே கொதிகலனை இரண்டு சக்கரத் தொகுதிகள் சுமக்கும் நீராவி எஞ்சின். பேயர் பீகாக் நிறுவனம் 1950களின் நடுவில் கட்டிய அது, 252 டன் எடையோடு மீட்டர் கேஜ் பாதையில் ஓடியது. மேலே சொன்ன தேர்வுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது தோற்றுவிடும். ஹெச்ஓ அளவில் அதற்குரிய பாதை 12 மில்லிமீட்டர். அதில் ஓட்டுபவர்களோ சிலரே. நடுவிலுள்ள கொதிகலனைச் சுமக்க இருபுறமும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள், எல்லாமாக 28 சக்கரங்கள். வண்ணமும் பெரும்பாலும் அந்தச் செம்பழுப்பு ஒன்றுதான். தயாரிப்பாளரிடம் வாதாட என் கையில் இருப்பது இவ்வளவே: கட்டப்பட்டவை 34, ஒவ்வொன்றுக்கும் ஒரு மலையின் பெயர்.